தாடி ஜாடியும் பரங்கிக்காயும்

இன்னிக்கு எபிசோட் ஒரு ஜாடியைப் பத்தி. நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி கெட்டியானதுதான். ஆனா கழுத்துல ஒரு தாடிக்கார முகம் முறைச்சுப் பார்க்கும். புதுச்சேரியில புதுசா கட்டுற வீட்டு முன்னாடி தொங்குமே, அந்தத் திருஷ்டி பொம்மையை நினைச்சுக்கோங்க. (இங்கிலாந்துல நிஜமாவே சூனியத்துக்குப் பயந்து, இந்த ஜாடிக்குள்ள ஆணியும் சிறுநீரும் அடைச்சு வீட்டுக்கு அடியில புதைச்சாங்க.)

இது 16ஆம் நூற்றாண்டுல, ஜெர்மனியில கொலோன் பக்கம் செஞ்சது. சூளை உச்ச சூட்டுல இருக்கும்போது உப்பை அள்ளி உள்ளே போடுவாங்க. உப்பு ஆவி களிமண்ணுல பட்டு, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா, கண்ணாடி கணக்கா உறைஞ்சிடும். ஒயின் ஊத்தினாலும் கசியாது. அதனால டச்சுக் கப்பல்கள்ல ஏறிடுச்சு. 1629இல் ஆஸ்திரேலியா பக்கம் மூழ்கின 'பட்டாவியா' கப்பல்லகூட கிடைச்சிருக்கு. அதே டச்சுக்காரங்கதான் 1693லேர்ந்து ஆறு வருஷம் நம்ம புதுச்சேரியையும் வெச்சிருந்தாங்க.

ஜெர்மன்ல இதுக்குப் பேரு 'பார்ட்மன்', அதாவது தாடிக்காரன். இங்கிலாந்துல மட்டும் 'பெல்லார்மின்'. ராபர்ட் பெல்லார்மின் ஒரு இத்தாலிய கார்டினல். புராட்டஸ்டன்ட்டுகளை எழுத்தாலேயே விளாசினவர். பதிலுக்கு அவங்க, தொப்பையும் தாடியுமா இருக்கிற ஜாடிக்கு அவர் பேரை வெச்சுக் கிண்டல் பண்ணாங்கங்கறதுதான் வழக்கமா சொல்ற கதை. 1630கள்ல ஒரு ஆங்கில நாடகத்துலயே இந்தப் பேரு வந்துடுது. ஆனா அவர் பிறந்தது 1542இல். அவர் சின்னப் பையனா இருக்கும்போதே தாடி ஜாடி சூளையில வெந்துட்டு இருந்துச்சு. எங்க ஆபீஸ் கோடுல 'டெம்ப்'னு யாரோ அவசரத்துல வெச்ச பேரு, வெச்சவர் வேலையை விட்டுப் போன பிறகும் அப்படியே இருக்கும். இதுவும் அந்த ரகம்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். பெல்லார்மினோட சொந்தக்காரர் ஒருத்தர் 1606இல் மதுரைக்கு வந்தார். ராபர்ட் தெ நொபிலி, அதாவது தத்துவ போதகர். காவி கட்டினார், கறியை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கத்துக்கிட்டார். அவருக்கு ஆகவே ஆகாத ஒரு பேரு உண்டு: பரங்கி. போர்ச்சுகீசியரை அப்படித்தான் கூப்பிட்டாங்க. மாட்டுக்கறியும் சாராயமும் அந்தச் சொல்லோட ஒட்டியிருந்துச்சு. 'நான் பரங்கி இல்லை'ன்னு ஓலையில எழுதி அறிவிச்சார். அதுக்காகச் சாதி வரிசையை அப்படியே ஏத்துக்கிட்டார்ங்கறதையும் மறைக்கக் கூடாது.

அந்தப் பேரு எங்கயும் போகலை. புதுச்சேரிக்குத் தெற்கே பரங்கிப்பேட்டை இருக்கு. கடல் தாண்டி வந்த ஒரு குண்டுக் காயை இன்னும் பரங்கிக்காய்னுதான் வாங்குறோம்.

நொபிலி இந்துத் துறவி மாதிரி வாழுறார்னு சேதி போனதும், பெல்லார்மினே வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். நொபிலியோட விளக்கத்தைப் படிச்ச பிறகுதான் சமாதானம் ஆனார். 1623இல் போப்பும் அனுமதி கொடுத்தார். பெல்லார்மின் அதைப் பார்க்கலை, 1621லயே இறந்துட்டார்.

ஆனா சண்டை முடியலை. 1704இல் போப்போட தூதர் தூர்னோன், நொபிலி வழியில வந்த பல பழக்கங்களுக்குத் தடை போட்டார். அந்த ஆணை வெளியானது நம்ம புதுச்சேரியிலதான். அது தனி எபிசோட்.