எத்தனை கன அடி காற்று?

ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் அருகே உட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் திரண்டு வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1995 முதல் நடந்துவரும் விழா அது. சாலையோரம் பானெட்டைத் திறந்து வைத்து நிற்கிற கார்களைச் சுற்றி எப்போதும் ஒரு சிறு கூட்டம் இருக்கும். நம் வாலிபர்கள் அங்கே போனால் முதலில் கேட்கும் கேள்வி குதிரைசக்தி. இரண்டாவது கேள்வி, "கார்புரேட்டர் எத்தனை சி.எஃப்.எம்.?" பதிலாக 600, 750, 850 என்று ஓர் எண் வரும். எண் பெரிதானால் கண்களும் பெரிதாகின்றன. அந்த எண் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சி.எஃப்.எம். என்பது ஒரு நிமிடத்தில் கார்புரேட்டர் வழியே செல்லக்கூடிய காற்று, கன அடிக் கணக்கில். கார்புரேட்டரின் வேலை எளியது. எஞ்சின் உறிஞ்சும் காற்று, நடுவில் குறுகிய ஒரு தொண்டை வழியாகப் போகிறது. குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு பெட்ரோலை மேலே இழுத்துக் காற்றோடு கலக்கிறது. இந்தத் தொண்டைக்கு வென்சூரி என்று பெயர். இதைப்பற்றி 1797இல் எழுதிய இத்தாலியர் ஜொவான்னி பத்திஸ்தா வென்சூரியின் பெயர் அது. அவர் குருப்பட்டம் பெற்றவர், பிறகு இயற்பியல் பேராசிரியரானவர். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்களுக்கு இந்தப் பெயர் தினமும் வாயில் வருவது. ஆக்சிஜன் கொடுக்கும் வென்சூரி மாஸ்க் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

1952ஆம் ஆண்டு மாடலில் பியூக் ரோட்மாஸ்டர் போன்ற அமெரிக்கக் கார்களுக்கு நான்கு தொண்டைகள் கொண்ட ஃபோர்-பேரல் கார்புரேட்டர் வந்தது. மெதுவாக ஓட்டும்போது இரண்டு தொண்டைகள், மிதித்தால் மற்ற இரண்டும் திறக்கும். 1957இல் ஹோலி 4150, கார்ட்டர் ஏ.எஃப்.பி., ஃபோர்டின் 4100 மூன்றும் வெளிவந்தன. 1965இல் ஜெனரல் மோட்டார்ஸின் ரோச்செஸ்டர் க்வாட்ராஜெட் சேர்ந்துகொண்டது. பெரிய வி-8 எஞ்சின்களின் அந்தக் காலத்தில் சி.எஃப்.எம். எண் பொறியாளர் மேசையிலிருந்து இறங்கி இளைஞர்களின் பெருமைப் பேச்சுக்குள் வந்துவிட்டது.

பேச்சில் விட்டுப்போவது ஒன்று உண்டு. காற்று தானாக ஓடாது. ஏதோ ஓர் அழுத்த வித்தியாசம் அதை இழுக்கவேண்டும். எவ்வளவு இழுத்தபோது அளந்தார்கள் என்று சொல்லாமல் 500 என்றோ 600 என்றோ சொல்வதில் அர்த்தமில்லை. ஃபோர்-பேரல்களை 1.5 அங்குலப் பாதரச அழுத்தத்தில் அளப்பது வழக்கம். ஒன்று, இரண்டு தொண்டை உள்ளவற்றை 3 அங்குலத்தில் அளந்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிற நாங்கள் மில்லிமீட்டரில் சொல்வதானால் 38, 76. இழுவிசை இரு மடங்கானால் காற்று இரு மடங்காகாது, ஏறக்குறைய 1.41 மடங்குதான் ஆகும். ஆகவே 500 என்று விற்கப்படும் டூ-பேரல் ஹோலியை ஃபோர்-பேரல் அளவுகோலில் வைத்தால் சுமார் 354தான். பக்கத்துக் கடையில் 450 என்று எழுதியிருக்கும் ஃபோர்-பேரல் அதைவிடப் பெரியது. இதை அறியாமல் காசு செலவழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் காகிதத்தில் கணக்கிடலாம். எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 3456ஆல் வகுக்கவேண்டும். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுதாக மூச்சு வாங்குகிறது, அதனால் 3456.

1965 மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அதன் உயர்திறன் 289 எஞ்சின் 6000 சுழற்சியில் 271 குதிரைசக்தி தந்தது. கணக்குப்படி அதிகபட்சம் 502 கன அடி. எந்தச் சாதாரண எஞ்சினும் நூற்றுக்கு நூறு நிரம்புவதில்லை. 90 சதவீதம் என்றால் 452. ஃபோர்டு அதற்குப் பொருத்தியது 4100 வகைக் கார்புரேட்டர். அந்த 4100 வகையில் 480, 600 என்ற அளவுகள் இருந்தன.  அதே எஞ்சினுக்கு கேரல் ஷெல்பி தன் ஜி.டி.350இல் 715 ஹோலியை வைத்தார், 306 குதிரைசக்தி வந்தது. ஆனால் அவர் கார்புரேட்டரை மட்டும் மாற்றவில்லை. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டையும், புகை வெளியே வரும் குழாய்களையும் சேர்த்தே மாற்றினார். வாலிபர்கள் 715ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

எஞ்சினுக்குத் தேவைக்குமேல் பெரியதைப் பொருத்தினால் என்ன ஆகும்? அகன்ற தொண்டையில் காற்று மெதுவாகப் போகும். அழுத்தம் போதுமான அளவு குறையாது, பெட்ரோல் சரியாக இழுபடாது, மிதித்தவுடன் கார் திணறும். திணறலைச் சரிசெய்யப் பெரிய ஜெட் போடுவார்கள். பிறகு பெட்ரோல் மிகுந்து, புகையில் கார்பன் மோனாக்சைடு கூடும். இங்கே நர்ஸ்களாகிய எங்கள் வாய் சும்மா இருக்காது. மிச்சிகன் குளிரில் கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுச் சரிபார்ப்பது உயிருக்கு ஆபத்து. கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே ஓடவிடக்கூடாது, காரை வெளியே தள்ளிக்கொண்டு போங்கள். அந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டின் வித்தியாசம் தெரியாது. மயங்கிக் கிடப்பவருக்கும் 98 என்று காட்டும். தலைவலி, குமட்டல் வந்தால் அந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் உடனே வெளியே வந்து அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள்.

இனி, கையில் கிடைத்த பழைய கார்புரேட்டரின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலானவற்றில் சி.எஃப்.எம். எழுதியே இருக்காது. ஹோலியில், மேலே சோக் இருக்கும் காற்றுவாயின் சுவரில் "லிஸ்ட்" என்ற சொல்லும் ஓர் எண்ணும் அடித்திருக்கும். 1850 என்றால் 600. 4779 என்றால் 750. 4412 என்பதுதான் மேலே சொன்ன 500 டூ-பேரல். 3310இல் கவனம் வேண்டும். முதலில் வந்தது 780. பின்னால் கோடு போட்டு எண் சேர்த்து வந்த பிற்காலப் பதிப்புகள் 750. அந்தச் சின்னக் கோட்டைப் பார்க்காமல் 780 விலை கொடுப்பவர்கள் உண்டு.

ஃபோர்டு 4100 நேர்மையானது. அதன் உடலின் பக்கவாட்டில் ஒரு வட்டத்துக்குள் 1.08 அல்லது 1.12 என்று வார்த்திருக்கும். அது தொண்டையின் விட்டம், அங்குலத்தில். 1.08 என்றால் 480, 1.12 என்றால் 600. கார்ட்டரில் ஒரு திருகின் கீழ் சிறிய உலோகத் தகடு மாட்டியிருப்பார்கள். நோயாளியின் கைப்பட்டை போன்ற அந்தத் தகடு, யாரோ ஒருமுறை திறந்து மூடியபோதே பெரும்பாலும் தொலைந்திருக்கும்.

க்வாட்ராஜெட்டின் எண் அதன் உடலின் இடப்பக்கத்தில் செங்குத்தாக அடித்திருக்கும். 7029 என்று தொடங்கினால் 1969ஆம் ஆண்டு மாடல். ஆனால் எண் ஆண்டையும் காரையும்தான் சொல்லும், காற்றைச் சொல்லாது. அதற்கு முன்பக்கத்துச் சிறிய தொண்டைகளை அளக்கவேண்டும்: 1 3/32 அங்குலம் என்றால் 750, 1 7/32 என்றால் 800. இந்த 750ஐப் பார்த்துச் சிறிய எஞ்சினுக்கு ஆகாது என்று ஒதுக்கவேண்டாம். க்வாட்ராஜெட்டின் பெரிய பின்தொண்டைகளின் மேல் ஒரு காற்றுக்கதவு உண்டு. எஞ்சின் கேட்கும் அளவுக்குத்தான் அது திறக்கும். 1966இல் பான்டியாக் தன் 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு க்வாட்ராஜெட்டைத்தான் வைத்தது. சில ஆண்டுகள் கழித்து 455 வி-8 மேலும் க்வாட்ராஜெட்தான் உட்கார்ந்திருந்தது.