யார் நாற்காலியில் உட்கார முடியும்?

நியூயார்க் நகரப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 1972இல் இரண்டு போட்டிச் சங்கங்கள் இணைந்து உருவானது. ஒன்று நிரந்தரப் பேராசிரியர்களுடையது. இன்னொன்று விரிவுரையாளர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் பக்கம் நின்றது. முதல் தலைவர் பெல் செல்லர், முதலாவதிலிருந்து வந்தவர்.

1976 முதல் 2000 வரை தலைவர் இர்வின் பொலிஷூக். 24 வருஷம்! தேர்தல் நடக்காமல் இல்லை. நடந்துகொண்டேதான் இருந்தது; அவரும் ஜெயித்துக்கொண்டே இருந்தார். 1995இல் 'நியூ காகஸ்' என்ற எதிரணி கிளம்பியது. சங்கம் போராட வேண்டும், உறுப்பினர் குரல் கேட்க வேண்டும் என்றார்கள். 2000இல் வென்றார்கள். பார்பரா போவன் தலைவரானார். அவரும் 2021 வரை, 21 வருஷம்.

2019 ஒப்பந்தத்தில் பகுதிநேர ஆசிரியர்கள் ஒரு பாடத்துக்கு 7,000 டாலர் கேட்டார்கள். படிப்படியாக 5,500 வரை உயரும் என முடிவானது. நிராகரிக்கச் சொல்லி ஒரு பிரிவினர் பிரசாரம் செய்தார்கள், பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது.

உயர்வு சின்னது இல்லை. ஆனால் சங்கத்தில் யார் நிலைத்து நிற்க முடியும்? அடுத்த செமஸ்டர் வேலை உண்டா என்றே தெரியாதவர், மூன்று வருஷப் பதவிக்கு எந்தத் தைரியத்தில் நிற்பார்? ஓட்டு இருக்கிறது. காத்திருக்க நேரம்தான் இல்லை.