ஓர் உயிலின் இரு பாதிகள்: பிரசன்ன குமார் தாகூரும் கல்கத்தா பல்கலைக்கழகமும்

இந்தியச் சட்டம் பயில்வோர் ‘தாகூர்’ என்னும் பெயரை இரண்டு இடங்களில் சந்திக்கின்றனர். ஒன்று, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள். மற்றொன்று, இந்து உயில்கள் பற்றிய பாடங்களில் தவறாமல் இடம்பெறும் ‘தாகூர் எதிர் தாகூர்’ வழக்கு. இவ்விரண்டும் ஒரே ஆவணத்திலிருந்து தோன்றியவை என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பல்கலைக்கழகத்திற்குக் கொடை வழங்கிய உயில்தான் மகனுக்கு எதுவும் இல்லை என்றும் சொன்னது.

உயிலை எழுதியவர் பிரசன்ன குமார் தாகூர் (1801–1868). பாதுரியாகட்டா தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த இவர், சதர் திவானி அதாலத்தில் அரசு வழக்கறிஞராகப் பணியாற்றிப் பெரும் செல்வம் ஈட்டியவர், பெரும் நிலக்கிழார். ‘விவாத சிந்தாமணி’ என்னும் மைதிலச் சட்டநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் வெளியிட்டார். சாத்திரச் சட்டத்தையும் ஆங்கிலேய நீதிமன்ற நடைமுறையையும் ஒருங்கே அறிந்தவர் என்பதே அவருக்கிருந்த புகழ்.

அவருடைய மகன் ஞானேந்திரமோகன் 1851இல் கிறித்தவம் தழுவினார். அக்காலத்து வங்கக் கிறித்தவ அறிஞர் கிருஷ்ணமோகன் பானர்ஜியின் மகளை மணந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, 1862இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியர்களில் அத்தகுதியை முதலில் அடைந்தவர் அவரே. லண்டனில் இந்துச் சட்டமும் வங்கமொழியும் கற்பிக்கும் பேராசிரியராகவும் இருந்தார். அதே 1862ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தந்தை தம் உயிலை எழுதினார். அதில் மகனுக்குப் பங்கு இல்லை.

மதம் மாறியதால் வாரிசுரிமை பறிபோகாது என 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் ஏற்கெனவே விதித்திருந்தது. ஆயினும் அச்சட்டம் தந்தையின் உயிலைத் தடுக்கவில்லை. தமிழகத்தில் நடைமுறையிலிருந்த மிதாட்சர முறையில், மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. வங்கத்தின் தாயபாக முறையில் அவ்வுரிமை இல்லை. தந்தை உயிருள்ளவரை அவரே முழு உடைமையாளர். எனவே மூதாதையர் சொத்தையும்கூட அவர் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். வங்கத்தில் உயில்கள் விரைந்து பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரசன்ன குமாரின் உயில் இரண்டு நோக்கங்களைக் கொண்டது. முதலாவது, கல்வி. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ‘தாகூர் சட்டப் பேராசிரியர்’ என்னும் பதவியை நிறுவ, மாதம் 1,000 ரூபாய் அவருடைய சொத்திலிருந்து வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, குடும்பம். பெருஞ்சொத்தின் வருவாயை அண்ணன் மகன் ஜதீந்திரமோகன் தம் ஆயுள்வரை அனுபவிக்க வேண்டும்; அவருக்குப்பின் அவருக்குப் பிறக்கும் ஆண்மக்கள், அவர்தம் ஆண்மக்கள் என அது தலைமுறை தலைமுறையாகச் செல்ல வேண்டும். பெண்வழிக்கு இடமில்லை. ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்களின் சொத்துமுறையை வங்க மண்ணில் நடும் முயற்சி இது.

1868இல் பிரசன்ன குமார் மறைந்தார். 1870இல் ஹெர்பர்ட் கோவெல் இந்துச் சட்டம் குறித்து முதல் தாகூர் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். ஞானேந்திரமோகன் தொடுத்த வழக்கோ கல்கத்தா உயர் நீதிமன்றத்தைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1872இல் தீர்ப்பு வந்தது. ஜதீந்திரமோகனின் ஆயுட்கால உரிமை செல்லும். அதன்பின் வரும் ஏற்பாடுகள் செல்லா. உயில் எழுதியவர் இறக்கும்போது உயிருடன் இருப்பவருக்கே கொடை வழங்க இயலும். பிறவாத பேரனுக்கு இயலாது. இந்துச் சட்டம் அறியாத புதியதொரு வாரிசுமுறையைத் தனிமனிதர் ஒருவர் படைத்துக்கொள்ளவும் இயலாது. எஞ்சிய உரிமை சட்டப்படியான வாரிசுக்கே சேரும். ‘மகனுக்கு இல்லை’ என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. வேறொருவருக்கு முறைப்படி கொடுத்திருந்தால்தான் அவர் உரிமை நீங்கும். விலக்கப்பட்ட மகனே அந்த வாரிசு.

தந்தையின் உயிலில் குடும்பத்திற்கான பகுதி ஓர் ஆயுளோடு முடிந்தது. பல்கலைக்கழகத்திற்கான பகுதி நிலைத்தது. இவ்வேறுபாட்டின் காரணம் எளியது. கல்கத்தா பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட ஆளுமை. உயில் நடைமுறைக்கு வந்தபோது அது ‘உயிருடன்’ இருந்தது. மனிதரைப் போல இறக்கக்கூடியதும் அன்று. தம் பெயரை ஆண்வாரிசுகள் வழியாக நிலைநிறுத்த விரும்பியவருக்கு, அந்நிலைபேற்றை வழங்கியது ஒரு கல்வி நிறுவனமே.

தமிழகத்தில் இதற்கு முந்தைய எடுத்துக்காட்டு பச்சையப்ப முதலியாரின் உயில். 1794இல் மறைந்த அவர் கோயில் கட்டளைகளுக்காகவும் அறப்பணிகளுக்காகவும் செல்வத்தை எழுதிவைத்தார். நெடிய வழக்குக்குப்பின், சேர்ந்திருந்த மிகுதிப்பணம் நீதிமன்றத் தலையீட்டால் கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842இல் பள்ளி தொடங்கியது. சென்னையில் உயிலைக் கல்விக்குக் கொண்டுசேர்த்தது நீதிமன்றம். கல்கத்தாவில் அதைச் செய்தவர் உயிலை எழுதியவரே.

அக்கொடையின் விளைவுகளை அடுத்த நாற்பதாண்டுகளில் காணலாம். 1875–76இல் ராஷ்பிகாரி கோஷ் அடைமானச் சட்டம் குறித்து உரையாற்றினார். 1878இல் குருதாஸ் பானர்ஜி இந்துத் திருமணமும் ஸ்திரீதனமும் பற்றிப் பேசினார். பின்னர் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தரானார். 1884இல் அமீர் அலி முஸ்லிம் சட்டத்தில் கொடைகளையும் உயில்களையும் எடுத்துக்கொண்டார். 1898இல் அசுதோஷ் முகர்ஜி தேர்ந்த பொருள், சொத்தை எத்தலைமுறைவரை கட்டிவைக்கலாம் என்னும் நிரந்தரத் தடைவிதி. பிரசன்ன குமாரின் குடும்ப ஏற்பாட்டை வீழ்த்திய வழக்கு அப்பொருளின் மையத்தில் நிற்கிறது. அதாவது, அந்த உயில் ஏன் பாதி தோற்றது என்பதை விளக்கும் துறையை வளர்த்த பணமும் அந்த உயிலிலிருந்தே வந்தது.

இத்தொடர் அங்கு நிற்கவில்லை. அசுதோஷ் துணைவேந்தராக இருந்தபோது, 1912இல் தாரக்நாத் பாலித் நிலமும் பணமுமாகச் சுமார் 15 லட்சம் ரூபாயை வழங்கினார். 1913இல் 10 லட்சம் ரூபாய் வழங்கியவர் முன்னாள் தாகூர் பேராசிரியரான ராஷ்பிகாரி கோஷ். இருவரும் வழக்கறிஞர்கள், இருவரும் உயிலுக்குக் காத்திராமல் வாழ்நாளிலேயே கொடுத்தனர். பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியவை என நிபந்தனையும் விதித்தனர். அக்கொடைகளால் 1914இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1917இல் அரசு நிதித்துறைப் பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்திற்குப் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன்.

இன்று பல்கலைக்கழகங்கள் நாடும் திட்டமிட்ட கொடைகளில் இரண்டு வடிவங்கள் முதன்மையானவை. ஒன்று, உயில்வழிக் கொடை. மற்றொன்று, கொடையாளரோ அவர் குறிப்பிடுபவரோ ஆயுள்வரை வருவாயைப் பெற்று, அதன்பின் மூலதனம் நிறுவனத்தைச் சேர்வது. பிரசன்ன குமாரின் உயிலிலும் ஆயுட்கால வருவாய் இருந்தது. ஆனால் வரிசை தலைகீழானது. அவர் பல்கலைக்கழகத்திற்கு வருவாயையும் குடும்பத்திற்கு மூலச்சொத்தையும் ஒதுக்கினார். நிலையான மாதத்தொகையின் மதிப்பை விலைவாசி அரித்துவிடும். 1868இல் ஒரு பேராசிரியரைச் சிறப்பாகப் பேணவல்ல 1,000 ரூபாய், இன்று ஒரு நூலின் விலைக்கு நெருக்கமானது. பாலித் அளித்த நிலத்தின் மீதோ அறிவியல் கல்லூரி இன்றும் நடக்கிறது. கொடையின் அளவோடு, அது எவ்வடிவில் தரப்படுகிறது என்பதும் அதன் ஆயுளை முடிவு செய்கிறது.

இன்னொரு கேள்வியும் எஞ்சுகிறது. இந்துச் சட்டக் கல்வியைப் போற்றிய தந்தை, இந்துச் சட்டம் கற்பித்த மகனை அவருடைய மதத்தின் பொருட்டு விலக்கினார். 1890இல் ஞானேந்திரமோகன் இங்கிலாந்தில் இறந்தார். ஜதீந்திரமோகனின் ஆயுட்கால உரிமை 1908வரை நீடித்தது. வழக்கில் வென்ற மகன் அச்சொத்தை அனுபவிக்கும் நாள் வரவேயில்லை. தாகூர் சொற்பொழிவுகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் கொடையாளரை நினைவுகூர்வது முறையே. அதே உயில் விலக்கிய மகனின் பெயரும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும்.