கோர்டன் பேங்க்ஸ் - பெலேயைத் தடுத்த கை

யூடியூபில் பழைய கால்பந்து வீடியோக்களைத் தேடிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1970 ஜூன் 7, மெக்சிகோவின் குவாதலஹாரா நகரம். உச்சி வெயிலில் இங்கிலாந்தும் பிரேசிலும் ஆடுகின்றன. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். வலது ஓரமாக ஓடிய ஜயர்ஸீன்யோ, கோடு வரைக்கும் போய் பந்தை உயரமாக அடித்துத் தருகிறார். அந்தப் பக்கம் காத்திருந்த பெலே எம்பிக் குதித்து, தரையைப் பார்த்துத் தலையால் பந்தை முட்டுகிறார். கோல்தான். பெலேயே அப்படித்தான் நினைத்தார்.

இங்கிலாந்து கோல்கீப்பர் அப்போது இடது கம்பத்தின் பக்கம் நிற்கிறார். கோலின் அகலம் 24 அடி. அவர் வலது பக்கம் ஓடி, பாய்ந்து, தரையில் பட்டு எழும்பும் பந்தை வலது கை விரலால் ஒரு தட்டு தட்டுகிறார். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்விடுகிறது!

அவர் பெயர் கோர்டன் பேங்க்ஸ். "நூற்றாண்டின் சிறந்த தடுப்பு" என்று இதைச் சொல்கிறார்கள். கூட்டம் போட்ட சத்தத்தைக் கேட்டு, பெலே கோல் போட்டுவிட்டார் என்றே தானும் நினைத்ததாக பேங்க்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். அணித் தலைவர் பாபி மூர் பக்கத்தில் வந்து, "உனக்கு வயசாகிறது, முன்பெல்லாம் பந்தைக் கையில் பிடித்துக்கொள்வாயே" என்று கிண்டல் அடித்தாராம்.

எல்லாம் சரி. ஆனால் அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 59-ஆவது நிமிடத்தில் அதே ஜயர்ஸீன்யோ போட்ட கோலில் பிரேசில் 1-0 என்று ஜெயித்தது. பேங்க்ஸ் உலகக் கோப்பையையே ஜெயித்தவர். ஆனாலும் தோற்றுப்போன ஓர் ஆட்டத்தின் பத்து விநாடிதான் அவருடைய மொத்த வாழ்க்கையாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பத்து விநாடிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பேங்க்ஸ் பிறந்தது 1937 டிசம்பர் 30, ஷெஃபீல்டில். எஃகுக்குப் பேர்போன ஊர். அப்பா வார்ப்புப் பட்டறையில் வேலை செய்தவர். பையன் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நிலக்கரி வியாபாரி ஒருவரிடம் மூட்டை கட்டுகிற வேலைக்குப் போனான். அப்புறம் கட்டட வேலை. சித்தாள் மாதிரி செங்கல் சுமந்தான். பிற்காலத்தில் தன் தோளுக்கும் கைக்கும் வலு வந்தது அந்த வேலையால்தான் என்று அவர் சொல்வதுண்டு.

இடையில் ராமார்ஷ் வெல்ஃபேர் என்ற உள்ளூர் அணி ஆடக் கூப்பிட்டது. முதல் ஆட்டத்திலேயே 12 கோல் வாங்கினார்! ஸ்கோர் 12-2. அடுத்த ஆட்டமும் தோல்வி. அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். நானாக இருந்தால் அன்றோடு கோல்கீப்பர் வேலையை விட்டிருப்பேன்.

பிறகு செஸ்டர்ஃபீல்ட் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கேயும் ஆரம்பம் மோசம்தான். 1954-55 பருவத்தில் அவர் ஆடிய ரிசர்வ் அணி 122 கோல் வாங்கி அட்டவணையில் கடைசி இடம். நடுவில் கட்டாய ராணுவ சேவைக்காக ஜெர்மனி போனார். (அங்கேதான் உர்சுலாவைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். 1966-ல் யாரைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!) திரும்பி வந்து 1958 நவம்பரில்தான் முதல் அணியில் இடம் கிடைத்தது. மூன்றாம் டிவிஷனில் 23 லீக் ஆட்டங்கள். அவ்வளவுதான், 1959-ல் லெஸ்டர் சிட்டி 7,000 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்து கோல்கீப்பர் வாழ்க்கையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். 1961 ஜனவரி வரைக்கும் இங்கிலாந்தில் கால்பந்து வீரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் யாரும் இல்லை. மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும், கடைசியில் நாலு பேர் நாலு பந்து அடிப்பார்கள், வீட்டுக்குப் போகலாம். பேங்க்ஸுக்கு அது போதவில்லை. பயிற்சி முடிந்த பிறகும் நின்று, யாரையாவது பிடித்துவைத்து விதவிதமான இடங்களிலிருந்து பந்து அடிக்கச் சொன்னார். எந்தக் கோணத்தில் வரும் பந்துக்கு எங்கே நிற்கவேண்டும், எத்தனை அடி முன்னால் வந்தால் எதிராளிக்குத் தெரிகிற கோல் சிறுத்துப்போகும் என்று ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி குறித்துக்கொண்டே போனார். பாய்ந்து பிடிக்கிற கோல்கீப்பரைத்தான் நமக்குப் பிடிக்கும். ஆனால் சரியான இடத்தில் நிற்கிறவருக்குப் பாதி நேரம் பாயவே வேண்டியிருக்காது. 1970-ல் பெலேயின் பந்தைத் தடுத்ததும் இந்தக் கணக்குதான். மெக்சிகோவின் காய்ந்த தரையில் பந்து எவ்வளவு எழும்பும் என்று மனதில் ஒரு அளவு வைத்திருந்ததால்தான் கை அந்த உயரத்துக்குப் போனது. பார்க்கிற நமக்கு அது மாயம் மாதிரி தெரிகிறது.

லெஸ்டரில் இரண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்கள் ஆடி இரண்டிலும் தோல்வி. 1961-ல் டாட்டன்ஹாமிடம், 1963-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம். 1961 ஆட்டத்தில் லெஸ்டர் வீரர் ஒருவர் ஆரம்பத்திலேயே அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்தார், மாற்று ஆள் இறக்குவதற்கு அப்போது விதியே கிடையாது. 1964-ல் லீக் கோப்பை கிடைத்தது. 1963 ஏப்ரலில் வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணியில் முதல் ஆட்டம், அதிலும் 2-1 என்று தோல்வி. ஆனால் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே அவரைக் கைவிடவில்லை.

1966 உலகக் கோப்பை பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் நான்கு ஆட்டங்களில் பேங்க்ஸ் ஒரு கோல் கூட விடவில்லை. அரையிறுதியில் போர்ச்சுகலின் யூசேபியோ 82-ஆவது நிமிடத்தில் அடித்த பெனால்டிதான் அந்தப் போட்டியில் அவரைத் தாண்டிப்போன முதல் பந்து. (அந்த ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கூத்து. பந்து வழுக்காமல் இருக்க பேங்க்ஸ் சூயிங்கம் மென்று உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வார். அன்றைக்கு அதை எடுத்துவர மறந்துவிட்டார்கள். உதவிப் பயிற்சியாளர் கடைக்கு ஓடி வாங்கிவந்தார்!) ஜூலை 30 அன்று இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றார்கள். கால்பந்து சங்கம் 22 வீரர்களுக்கும் சேர்த்துக் கொடுத்த ஊக்கத்தொகை 22,000 பவுண்டு. ஆளுக்கு ஆயிரம்.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வந்த இடம். உலகக் கோப்பை வாங்கி ஒரு வருடம் கூட ஆகவில்லை, 1967-ல் லெஸ்டர் கிளப் பேங்க்ஸை விற்றது. காரணம், ரிசர்வில் இருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன். முதல் அணியில் இடம் தரவில்லையென்றால் போய்விடுவேன் என்றான். பேங்க்ஸுக்கு வயது 29. கோல்கீப்பருக்கு அதுதான் நல்ல வயது. ஆனாலும் கிளப் பையன் பக்கம் நின்றது. ஸ்டோக் சிட்டி 50,000 பவுண்டு சொச்சத்துக்கு உலகச் சாம்பியனை வாங்கிக்கொண்டு போனது. கிளப்புக்காக எட்டு வருடம் உழைத்தவருக்கு அவ்வளவுதான் மரியாதை.

நியாயமாகச் சொன்னால் கிளப்பின் கணிப்பும் தப்பில்லை. அந்தப் பையன் பெயர் பீட்டர் ஷில்டன். பிற்காலத்தில் இங்கிலாந்துக்காக 125 ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தவர். இதில் இன்னொரு வேடிக்கை, 1974-ல் பேங்க்ஸ் இருந்த அதே ஸ்டோக் கிளப் 3,25,000 பவுண்டு கொடுத்து ஷில்டனையும் வாங்கியது. கோல்கீப்பர் ஒருவருக்கு அன்றுவரை யாரும் கொடுக்காத விலை.

1970-க்குத் திரும்புவோம். பிரேசிலிடம் தோற்றாலும் இங்கிலாந்து காலிறுதிக்குப் போனது. எதிரணி மறுபடியும் மேற்கு ஜெர்மனி. ஆட்டத்துக்கு முன் பேங்க்ஸுக்கு வயிறு கெட்டுப்போய் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. ஒரு பாட்டில் பீரால் வந்தது என்றார்கள், யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்றும் பேசிக்கொண்டார்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. அவருக்குப் பதிலாகப் பல வாரங்களாக ஆடாமல் இருந்த பீட்டர் பொனெட்டி இறங்கினார். இங்கிலாந்து 2-0 என்று முன்னிலை. பிறகு பெக்கன்பவர் ஒன்று, ஊவ் சீலர் ஒன்று, கூடுதல் நேரத்தில் கெர்ட் முல்லர் ஒன்று. 3-2, கதை முடிந்தது. பேங்க்ஸ் ஹோட்டல் அறையில் தாமதமாக ஒளிபரப்பான ஆட்டத்தை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இன்னும் 2-0. அந்த நேரத்தில் சக வீரர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து தோற்றுவிட்டோம் என்றபோது விளையாடுகிறார்கள் என்றே நினைத்தாராம். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்ததாம். பாவம் பொனெட்டி, அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. ஒரு கோல்கீப்பரின் புகழ் அவர் ஆடாத ஆட்டத்தாலும் ஏறும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த தடுப்பு பெலேயுடையது அல்ல. 1971 டிசம்பரில் லீக் கோப்பை அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், வெஸ்ட் ஹாமின் மைதானத்தில். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து ஸ்கோர் சமன். கூடுதல் நேரம் முடியப்போகிறது. வெஸ்ட் ஹாமுக்குப் பெனால்டி. அடிக்க வருபவர் ஜெஃப் ஹர்ஸ்ட். 1966 இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட அதே ஹர்ஸ்ட், பேங்க்ஸின் சொந்த நண்பர். முதல் ஆட்டத்தில் பேங்க்ஸுக்கு எதிராகப் பெனால்டியில் கோல் போட்டிருந்தவர். ஓடிவந்து இடி மாதிரி அடித்தார். பேங்க்ஸ் வலது பக்கம் பாய்ந்து அதை மேலே தள்ளிவிட்டார். அரையிறுதி இன்னும் இரண்டு ஆட்டங்கள் நீண்டு கடைசியில் ஸ்டோக் வென்றது. 1972 மார்ச் 4 அன்று வெம்ப்ளியில் செல்சியை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கினார்கள். 1863-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தக் கிளப்புக்கு முதல் பெரிய கோப்பை அதுதான். பெலேயைத் தடுத்ததால் எதுவும் கிடைக்கவில்லை, ஹர்ஸ்டைத் தடுத்ததால் ஒரு ஊரே கொண்டாடியது. அந்த வருடம் கால்பந்துப் பத்திரிகையாளர்கள் ஆண்டின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே வருடம் அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் காயத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு காரில் வீட்டுக்குத் திரும்பினார். வழியில் இன்னொரு வண்டியை முந்தப்போய் எதிரே வந்த வேன் மீது மோதினார். உடைந்த கண்ணாடித் துண்டுகள் வலது கண்ணுக்குள் போய்விட்டன. மருத்துவர்கள் முயன்றும் அந்தக் கண்ணின் பார்வை திரும்பவில்லை. பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். கோணமும் தூரமும்தான் பேங்க்ஸின் மொத்தத் தொழிலே. 1973-ல் ஓய்வை அறிவித்தார். இங்கிலாந்துக்காக 73 ஆட்டங்கள், அதில் 35-ல் ஒரு கோல் கூட விடவில்லை, தோற்றது ஒன்பதில் மட்டும்.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1977-ல் அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸ் அணிக்கு ஆடினார். ஒற்றைக் கண்ணோடு! உலகின் தலைசிறந்த ஒற்றைக்கண் கோல்கீப்பர் என்று விளம்பரம் செய்ததில் சர்க்கஸ் காட்சிப்பொருள் மாதிரி உணர்ந்ததாகச் சொன்னார். அந்தப் பருவத்தின் சிறந்த கோல்கீப்பர் விருது யாருக்குப் போனது தெரியுமா? அவருக்கேதான்.

திரும்பி வந்து டெல்ஃபோர்ட் யுனைடெட் என்ற சிறிய கிளப்புக்கு மேலாளரானார். அது நிலைக்கவில்லை. பதவியை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடியும்வரை கிளப்பின் பரிசுச் சீட்டு விற்கிற வேலையைக் கொடுத்தார்கள். உலகக் கோப்பையைக் கையில் தூக்கியவர் அதையும் செய்தார். அந்த 1966 அணியிலிருந்து பாபி சார்ல்ட்டனுக்கும் ஜெஃப் ஹர்ஸ்டுக்கும் 'சர்' பட்டம் வந்தது. பேங்க்ஸுக்கு 1970-ல் கிடைத்த ஓ.பி.இ.யோடு சரி.

2001-ல் தன்னுடைய உலகக் கோப்பைப் பதக்கத்தை ஏலத்துக்கு விட்டார். மூன்று பிள்ளைகள், ஒரு பதக்கம், எப்படிப் பிரிப்பது என்று காரணம் சொன்னார். போன விலை 1,24,750 பவுண்டு. 2008-ல் ஸ்டோக் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். திறந்துவைக்க வந்தவர் பெலே. 2019 பிப்ரவரி 12 அன்று, 81 வயதில், பேங்க்ஸ் தூக்கத்திலேயே இறந்துபோனார். தான் உலகக் கோப்பை வென்றது ஜனங்களுக்கு ஞாபகம் இருக்காது, அந்த ஒரு பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். அன்று இரவு செய்திகளிலும் அந்தப் பந்தைத்தான் காட்டினார்கள்.