ஏற்காடு மான்ட்ஃபோர்ட் - வாரிசு இல்லாதவர்கள் நடத்தும் பள்ளிக்கூடம்

ஏற்காடு என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது என்ன? ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், மே மாதக் கோடை விழா, சாலையோரத்து மிளகாய் பஜ்ஜி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் இதை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி விடுகிறோம். அந்த மலையில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் மதில் சுவரை எல்லோரும் பார்த்திருப்போம். மான்ட்ஃபோர்ட் பள்ளி. "விக்ரம் படிச்ச ஸ்கூல்டா" என்று காருக்குள் யாராவது ஒருத்தர் சொல்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எனக்கு அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஒரு கேள்வி. நான் பி.காம். மாணவன், புத்தி அப்படித்தான் போகும். இந்தப் பள்ளிக்கு முதலாளி யார்? அவருக்குப் பிறகு யார்? நம்ம ஊர்ப்பக்கம் அப்பா தொடங்கிய கடையை மகன் நடத்துவார், பேரன் விற்பார் :-) இங்கே நடத்துபவர்களுக்குக் குடும்பமே கிடையாது. அப்புறம் எப்படி 1917இல் தொடங்கியது இன்னும் நடக்கிறது? இதைத் தேடப் போய்தான் கொஞ்சம் சரித்திரம் படிக்க வேண்டியதாயிற்று.

முதலில் மலையைப் பற்றி இரண்டு வார்த்தை. சேர்வராயன் மலையில் காலங்காலமாக இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆளுபவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள்.) 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காபியைக் கொண்டு வந்தார். ஆரஞ்சும் பேரிக்காயும்கூட அவர் காலத்து வரவுதான். காபி வந்ததும் தோட்ட முதலாளிகள் வந்தார்கள். அவர்களுக்காகப் பங்களாக்கள் வந்தன, தேவாலயங்கள் வந்தன. மோட்டார் இல்லாத காலத்தில் வெள்ளைக்காரர்கள் குதிரையிலும், கூலியாட்கள் தூக்கும் நாற்காலியிலும் உட்கார்ந்து மேலே போனார்கள். தூக்கியவர்களின் பெயர் எந்த ரெக்கார்டிலும் இல்லை.

சுமார் ஐயாயிரம் அடி உயரம், குளிர்ந்த காற்று. பள்ளிக்கூடம் கட்ட இது போதுமா என்றால், அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு இதுதான் முதல் தகுதி. சமவெளி வெயிலில் வளர்ந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. 1860இல் கானிங் பிரபு, இந்தியாவில் வாழும் ஐரோப்பிய, யுரேசியப் பிள்ளைகளுக்கு மலைகளில் பள்ளிகள் வேண்டும் என்று ஒரு குறிப்பே எழுதினார். ஊட்டி லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி அதற்கு முன்பே, 1858இல் வந்துவிட்டது. ஏற்காட்டில் பெண்பிள்ளைகளுக்கு க்ளூனி சபைக் கன்னியர்கள் 1894இலேயே சேக்ரட் ஹார்ட் பள்ளியைத் தொடங்கி விட்டார்கள். பையன்களுக்குத்தான் இடமில்லாமல் இருந்தது.

இங்கேதான் மான்ட்ஃபோர்ட் சகோதரர்கள் வருகிறார்கள்.

மான்ட்ஃபோர்ட் என்பது யாரோ ஆங்கிலேயத் துரையின் பெயர் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, அது பிரான்சில் ஒரு ஊர். அங்கே 1673இல் பிறந்த லூயி மரி க்ரிஞ்ஞோன் என்ற பாதிரியார் குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டார். செம்மங்குடி, அரியக்குடி என்று நாம் சொல்வதில்லையா, அது மாதிரி! ஆசாமி சாதாரண ஆள் இல்லை. பல ஆயர்கள் அவரைத் தங்கள் மறைமாவட்டத்திலிருந்து துரத்தியிருக்கிறார்கள். 1706இல் நடந்தே ரோமுக்குப் போய்ப் போப்பாண்டவரைப் பார்த்துவிட்டு வந்தார். வாழ்நாளின் கடைசியில் லா ரொஷேல் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1716இல் 43 வயதில் இறந்துபோனார். அவரோடு இருந்த சகோதரர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 1947இல்தான் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

அந்தச் சின்னக் குழுவை ஒரு நூறு வருடம் கழித்துத் தூக்கி நிறுத்தியவர் காப்ரியல் தெஷே. 1821இல் பொறுப்புக்கு வந்தார். கிராமத்துப் பள்ளிகளுக்கும், காது கேளாத பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் ஆட்களைத் தயார் செய்தார். புனித காப்ரியல் சகோதரர்கள் என்ற பெயர் 1853 முதல் புழக்கத்துக்கு வந்தது.

'சகோதரர்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிரதர் என்றால் ஃபாதர் ஆவதற்கு முந்தைய நிலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இவர்கள் பாதிரியார்கள் கிடையாது, பூசை வைக்க முடியாது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குறுதி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் நடத்துவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்கள். வாங்கும் சம்பளம் சபைக்குப் போகும். மேலிடத்திலிருந்து மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பிரின்சிபாலாக இருந்தவர் அடுத்த வருடம் இன்னொரு ஊரில் சாதாரண வாத்தியாராக இருப்பதும் உண்டு. எனக்குத் தெரிந்த வரையில் எந்தக் கம்பெனியிலும் மேனேஜிங் டைரக்டர் இப்படி இறங்கிப் போய் உட்காருவதில்லை.

இந்தியாவுக்கு இவர்கள் வந்ததற்குப் பிரெஞ்சு அரசியலும் ஒரு காரணம். 1901இலிருந்து 1904 வரை பிரான்சில் அடுத்தடுத்து வந்த சட்டங்களும் உத்தரவுகளும் துறவற சபைகள் பள்ளி நடத்துவதையே தடுத்துவிட்டன. ஆயிரக்கணக்கான துறவியர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். காப்ரியல் சகோதரர்கள் 1901இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து), 1903இல் இந்தியாவுக்கு. பாங்காக் போனவர்களில் இலேர் என்ற பிரெஞ்சுச் சகோதரர், அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு தாய்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடநூலே எழுதினார். அது பல தலைமுறைக்குப் பாடமாக இருந்தது. சியாங் மாய் ஊரில் இன்றும் ஒரு மான்ட்ஃபோர்ட் இருக்கிறது, 1932இல் தொடங்கியது. நம்ம ஏற்காட்டுப் பள்ளிக்குத் தம்பி முறை.

ஏற்காட்டில் பள்ளி தொடங்கிய 1917ஐ யோசித்துப் பாருங்கள். முதல் உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் பலர் சொந்த நாட்டு ராணுவத்துக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். வசதியுள்ள வெள்ளைக்காரர்களால்கூடப் பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்ப முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் புதிதாக ஒரு போர்டிங் ஸ்கூல்! பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரிந்தாலும், தேவை என்னவோ அப்போதுதான் அதிகம்.

யாருக்காகத் தொடங்கினார்கள்? மதராஸ் மாகாணத்தில் அப்போது 'ஐரோப்பியப் பள்ளிகள்' என்று தனி வகை, தனி விதிகள், தனி மானியம். ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகள்தான் பிரதானம். மற்ற இந்தியருக்கு ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் இடம் தர முடியாது. ஜோலார்பேட்டை, அரக்கோணம், போத்தனூர் என்று ரயில்வே காலனிகளில் டிரைவராகவும் கார்டாகவும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல். பிள்ளைக்கு ஹாஸ்டலை விட்டால் வழியில்லை.

நான் கொஞ்சம் உறுத்தலோடு யோசித்த இடம் இது. லா ரொஷேலில் ஏழைகளுக்காக இலவசப் பள்ளி நடத்தியவரின் பெயரில், ஏற்காட்டில் ஆளும் இனத்துக்கான பள்ளி. மதிலுக்கு வெளியே காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் மலையாளிப் பையனுக்கு அங்கே இடமில்லை. சகோதரர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஹைதராபாத்தில் இதே சபை ஆதரவற்ற பையன்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் 'பாய்ஸ் டவுன்' நடத்துகிறது. அதே ஊரில் ஆல் செயின்ட்ஸ், லிட்டில் ஃப்ளவர் போன்ற பெயர்பெற்ற பள்ளிகளும் அவர்களுடையவை. ஒரு கையில் வாங்கி மறுகையில் கொடுப்பது என்பார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்குக் 'க்ராஸ் சப்சிடி' என்று பெயர். கணக்கு சரியாக வரலாம். ஆனால் ஏற்காட்டுப் பையன் ஹைதராபாத்துக்கா போவான்? அவனுக்காக அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான்.

சரி, உண்மையான சோதனை 1947இல் வந்தது. பள்ளியை யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்! வெள்ளைக்காரர்கள் மட்டுமில்லை, அடுத்த இருபது வருடத்தில் ஆங்கிலோ இந்தியரில் பெரும் பகுதியும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்விட்டது. வாடிக்கையாளரே இல்லாத கடை என்ன ஆகும்?

இதில் நம் அரசியல் சட்டம் செய்த வேலை சுவாரஸ்யமானது. 337ஆம் பிரிவு என்று ஒன்று. ஆங்கிலோ இந்தியக் கல்விக்கு 1948 வரை கொடுத்த மானியத்தை முதல் மூன்று நிதியாண்டுக்கு அப்படியே கொடுக்க வேண்டும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் வரை குறைக்கலாம். பத்து வருடத்தில் அந்தச் சலுகையே முடிந்துவிடும். அதோடு ஒரு நிபந்தனை: மானியம் வேண்டுமென்றால் வருடச் சேர்க்கையில் குறைந்தது 40 சதவீதம் இடங்களை மற்ற சமூகத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். இதை முதலில் படித்தபோது தண்டனை மாதிரிதான் தெரிந்தது. யோசித்தால் அதுதான் இந்தப் பள்ளிகளைக் காப்பாற்றியிருக்கிறது. 1954இல் பம்பாய் அரசு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளில் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டபோது, தேவ்லாலியில் இருந்த பார்ன்ஸ் பள்ளி வழக்குப் போட்டது. அதே வருடம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவு செல்லாது என்றது. அதற்கு முக்கியமான ஆதாரங்களில் ஒன்று இந்த 40 சதவீத நிபந்தனை! மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வது பள்ளியின் கடமை என்று சட்டமே சொல்லும்போது, சேர்க்காதே என்று ஒரு மாநில அரசு எப்படிச் சொல்ல முடியும்?

கதவு திறந்ததும் யார் வந்தார்கள் என்பதற்குப் பழைய மாணவர் சிலரின் பெயரே சாட்சி. 1962இல் சிறு பையனாகச் சேர்ந்த சசி தரூர், பரமக்குடிக் குடும்பத்து விக்ரம், பின்னாளில் மத்திய சுகாதார அமைச்சரான அன்புமணி ராமதாஸ். ரயில்வே காலனிப் பையன்களின் இடத்தில் மலையாள, தமிழ் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்துப் பையன்கள். பிறகு பெண்பிள்ளைகளும் வந்து இன்று அது இருபாலர் பள்ளி. நடத்தும் சகோதரர்களும் மாறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த இடத்தில் இந்தியர்கள்.

தலைமை என்றதும் நாம் ஒரு பெரிய மனிதரின் படத்தைத் தேடுகிறோம். இந்தப் பள்ளியின் கதையில் அப்படி ஒரே முகம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் ஆதீனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரமோ திருவாவடுதுறையோ, அங்கும் குடும்ப வாரிசு கிடையாது, சீடர்தான் வாரிசு. ஆனால் சன்னிதானம் என்பவர் ஆயுள் முழுக்கச் சன்னிதானம். இங்கே பிரின்சிபாலுக்கு அதுவும் இல்லை. சபையின் மாகாணத் தலைவர் அனுப்புவார், சில வருடம் கழித்து எடுத்துவிடுவார். கம்பெனி சட்டப் பாடத்தில் 'நிரந்தரத் தொடர்ச்சி' என்று ஒரு வரி வரும், உறுப்பினர்கள் சாகலாம், கம்பெனி சாகாது என்று. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது புரியாதது, ஒரு பள்ளிக்கூடத்தின் கதையில் புரிந்தது. நல்ல பிரின்சிபால் வந்தால் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். மோசமானவர் வந்தாலும் அப்படியே, அது பலம்!

இரண்டாவது சோதனை 2010இல். தமிழ்நாட்டில் அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகை. சமச்சீர் கல்விச் சட்டம் நான்கையும் ஒன்றாக்கியது. அடுத்த வருடம் ஆட்சி மாறி அது நிறுத்தப்பட்டு, வழக்காகி, 2011 ஆகஸ்ட் 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் அமலுக்கு வந்தது. ஆங்கிலோ இந்தியன் பத்தாம் வகுப்புத் தேர்வு என்ற தனி அடையாளம் அதோடு போனது. 2020இல் சட்டமன்றத்திலும் மக்களவையிலும் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன இடங்களும் போயின. இன்று 'ஆங்கிலோ இந்தியன் பள்ளி' என்ற பெயர்ப்பலகை பல ஊர்களில் இருக்கிறது. உள்ளே ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை விரல் போதுமாக இருக்கும்.

அப்படியானால் இனி வரப்போகும் சோதனை எது? என் பார்வையில் அது அரசாங்கத்திடமிருந்து வராது. ஒரு வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒருவரைச் சபைக்கு அனுப்பினார்கள். இப்போது வீட்டுக்கு ஒன்று, இரண்டு. சம்பளமில்லாமல், கல்யாணமில்லாமல், மாற்றல் உத்தரவுக்குக் காத்திருக்கும் வாழ்க்கைக்கு எத்தனை பேர் வருவார்கள்? பாடம் நடத்துவதைச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஹாஸ்டலில் நடுராத்திரி காய்ச்சலில் முனகும் எட்டு வயதுப் பையனின் பக்கத்தில் போய் உட்காரும் வேலையை எந்த லெட்ஜரில் எழுதுவது?

அடுத்த முறை மலைக்குப் போனால் அந்த வளாகத்தில் இறந்துபோன சகோதரர்களின் கல்லறை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். காவலாளி உள்ளே விடுவாரா என்பது தனிக் கதை.