ஐதராபாத் 2004: பேச்சுவார்த்தையில் யாருடைய உயிர்?

அமைதிப் பேச்சு நடக்கும்போது மனித உரிமை என்று பேசிக் காரியத்தைக் கெடுக்காதீர்கள் என நமக்குப் புத்தி சொல்பவர்கள் எல்லாப் பக்கமும் உண்டு தோழர்களே. அவர்களுக்கு ஆந்திராவின் கதையைத்தான் நாம் சொல்ல வேண்டும்.

எஸ்.ஆர். சங்கரன் தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திராவில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைக் காகிதத்தில் தூங்கவிடாமல் தலித் மக்களின் விடுதலைக்குப் பயன்படுத்தியவர். 1987 டிசம்பரில் மக்கள் யுத்தக் குழு கிழக்கு கோதாவரியில் கடத்திய அதிகாரிகளில் அவரும் ஒருவர். அதே மனிதர்தான் 1997இல் அக்கறையுள்ள குடிமக்கள் குழுவுக்குத் தலைமையேற்று, கடத்தியவர்களோடும் அரசோடும் பேசப் போனார்.

'என்கவுன்ட்டர்' என்று கொல்லாதே எனப் போலீசிடமும், 'உளவாளி' என்று கொல்லாதே என நக்சல்களிடமும் அந்தக் குழு ஒரே மூச்சில் சொன்னது. இரண்டு பெயரிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்: தலித்துகள், ஆதிவாசிகள், பிற்படுத்தப்பட்டோர். இரவில் துப்பாக்கியோடு வந்து சோறு கேட்பான் ஒருவன். ஏன் சோறு போட்டாய் என்று காலையில் அடிப்பான் இன்னொருவன். எந்தச் சேரி இதைத் தாங்கும்? இயக்கத்தின் வன்முறையையும் கேள்வி கேட்க வேண்டும் என்ற வாதத்தில்தான் கே. பாலகோபாலும் பழைய தோழர்களைப் பிரிந்து 1998இல் மனித உரிமை மன்றம் கண்டார்.

2004 அக்டோபர் 15 முதல் 18 வரை ஐதராபாத்தில் பேச்சு நடந்தது. மாவோயிஸ்டுகளின் தூதர்களில் ஒருவர் நம் கத்தர். 1997இல் சுடப்பட்ட அவர் உடலில் அப்போதும் ஒரு தோட்டா இருந்தது. நிலப் பகிர்வு பேசப்பட்டது. ஆனால் ஊருக்குள் ஆயுதத்தோடு வரலாமா என்பதில் இரு தரப்பும் முட்டிக்கொண்டன. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் எந்தத் துப்பாக்கியும் வேண்டாம் என்றிருப்பார்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

2005 ஜனவரியில் என்கவுன்ட்டர்கள் திரும்பின, மாவோயிஸ்டுகள் விலகினார்கள். பேச்சில் உட்கார்ந்திருந்த ஜனசக்தியின் ரியாஸ் ஜூலையில் போலீசால் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 15 அன்று சட்டமன்ற உறுப்பினர் நர்சி ரெட்டியையும் உடனிருந்தவர்களையும் மாவோயிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் தடை திரும்பியது.

மிஞ்சியது நிலம் பற்றி ஆராய அமைச்சர் கொனேரு ரங்கா ராவ் தலைமையில் அரசு அமைத்த குழு. நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளை அது தந்தது. அவற்றை நிறைவேற்றச் சொல்லி ஏழைகள் தெருவில் இறங்கினார்கள். காட்டுக்குப் போனவர்கள் யாரும் அதில் இல்லை, கொடி பிடித்தவர்கள்தான். 2007 ஜூலை 28 அன்று கம்மம் மாவட்டம் முதிகொண்டாவில் போலீஸ் அவர்களையும் சுட்டது.