மைனஸ் இரண்டில் தொடங்கிய படகு

‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் பெயர் மட்டும்தான் நம்முடையது. நம் கட்டுமரம், மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இன்று உலகம் அந்தப் பெயரால் அழைப்பது, இரண்டு உடல்களைப் பாலம் போட்டு இணைத்த படகை. அப்படி ஒரு பந்தயப் படகின் கதை இது.

1851-ல் தொடங்கிய அமெரிக்கா கோப்பைப் பந்தயம், 2013 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடந்தது. படகின் நீளம் 72 அடி. துணிப் பாய்மரத்துக்குப் பதில், 131 அடி உயரத்தில் விமான இறக்கை போன்ற கெட்டிப் பாய். வேகம் எடுத்தால் படகே நீருக்கு மேல் எழும்பிப் பறக்கும். ஆபத்தும் அதே அளவு. அந்த மே மாதம் பயிற்சியில் ஒரு படகு கவிழ்ந்து, ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார்.

கோப்பையைக் கையில் வைத்திருந்தது அமெரிக்காவின் ஆரக்கிள் அணி. முந்தைய போட்டிகளில் தன் சிறிய படகுகளில் விதியை மீறி எடை சேர்த்ததற்காக அதற்கு இரண்டு புள்ளி அபராதம். ஆக, கணக்கு மைனஸ் இரண்டில் தொடங்கியது. செப்டம்பர் 18-ல் நியூசிலாந்து 8, ஆரக்கிள் 1. நியூசிலாந்துக்குத் தேவை இன்னும் ஒரே வெற்றி.

ஆரக்கிள் புதுப் படகு கொண்டுவரவில்லை. இருந்த படகைத்தான் சரிசெய்தது. காரில் வீல் அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் அல்லவா? படகிலும் அப்படித்தான். காற்றின் விசை பாயில் விழும் இடமும், நீருக்குள் இருக்கும் பலகைகள் தாங்கும் இடமும் ஒத்துப்போகாவிட்டால், சுக்கானைத் திருப்பித் திருப்பியே வேகம் வீணாகும். பாயின் மேல்பகுதியைக் கொஞ்சம் திருகி விட்டால் காற்று அங்கே நழுவும், படகு சாயாது. அதிகமாகத் திருகினால் பலம் போய்விடும். எல்லாமே சில டிகிரி வித்தியாசம்தான்.

ஆரக்கிள் தோற்றது பெரும்பாலும் எதிர்க்காற்றில் போகும்போது. பகலில் ஓட்டியவர்கள் சொன்ன குறையைக் கரையில் இருந்தவர்கள் இரவில் சரிசெய்தார்கள். வியூகம் வகுக்க பென் எய்ன்ஸ்லி வந்தார். எதிர்க்காற்றிலும் படகு எழும்பிப் பறக்கத் தொடங்கியது.

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. செப்டம்பர் 20-ல் நியூசிலாந்து முன்னால் போய்க்கொண்டிருந்தபோது காற்று ஓய்ந்து, 40 நிமிட வரம்பு முடிந்து பந்தயம் ரத்தானது. செப்டம்பர் 18-க்குப் பின் ஆரக்கிள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. தொடர்ந்து எட்டு வெற்றி. செப்டம்பர் 25-ல் கணக்கு 9-8.

வங்கியில் இருந்த காலத்தில், அரையாண்டு பேலன்சிங்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. யாரும் புது லெட்ஜர் கேட்டதில்லை. ஒவ்வொரு பதிவாகத் திரும்பப் பார்ப்போம். கள்ளத்தனமாகச் சேர்த்த சிறு எடை அந்த அணிக்கு இரண்டு புள்ளியைப் பறித்தது. நேர்மையாகச் செய்த சிறு திருத்தங்களோ கோப்பையையே மீட்டுத் தந்தன. இரண்டுமே ஒரே அணியின் கணக்கில் இருக்கின்றன என்பதுதான் எனக்கு மறக்க முடியாதது.